விபத்துக்கு முந்தைய நிலை

என் அப்பா ஒரு காரைப் பார்த்தால் முதலில் அதை நம்ப மாட்டார். மனிதர்களையும் அப்படித்தான், கார் என்றால் கொஞ்சம் கூடுதல். வேலையில் இருந்தவரை இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார், கதவை விரலால் சுண்டுவார், வருகிற சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது தகரமா, பள்ளத்தை அடைத்த பட்டியா என்று சொல்லிவிடுவார். விபத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித் தர வேண்டும், அதைவிட மோசமாகவும் கூடாது, அதைவிட நன்றாகவும் கூடாது என்பது அவருடைய வேதம். ஓய்வு பெற்ற பிறகு சுண்டிப் பார்க்க வண்டி கிடைக்காமல் வீட்டில் இருக்கிற எங்களைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரும் திருடர்கள், அதிலும் பெயிண்டர்கள் திருட்டுக்கு மேல் பளபளப்பு பூசுகிறவர்கள் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். நான் போய் ஒரு கார் பெயிண்டரைக் காதலித்தேன்.

அதற்கும் அப்பாதான் காரணம். அவர் வெளியூர் போயிருந்த சமயம் அவருடைய காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு தூணில் உரசிவிட்டேன். கதவு உள்வாங்கிவிட்டது. அழாத குறையாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே முழங்கை வரை வெள்ளைத் தூசியோடு ஒருவன் வந்து பார்த்தான். “யாருக்குத் தெரியக்கூடாது?” என்று மட்டும் கேட்டான். சொன்னேன். திரும்பி வந்த அப்பா வழக்கம்போல காரை ஒரு சுற்று சுற்றினார், கதவைச் சுண்டினார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். அப்பாவின் கண்ணில் மண்ணைத் தூவக்கூடிய ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறான் என்றால் அவனை விட்டுவிட நான் என்ன முட்டாளா?

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா, “பெயிண்டரா?” என்றார், பாம்பா என்று கேட்கிற குரலில். அம்மா என் பக்கம் பேசினாள். “சம்பாதிக்கிறான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, இவளையும் பிடிச்சிருக்குங்கறான். வேற என்னங்க வேணும்?” அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். பல நாள் அப்படியே பிடித்திருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வரச்சொல்லி, அலமாரியிலிருந்து தன் பொம்மைக் காரை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது கிடைத்த பிளாஸ்டிக் கார். கெட்டியான பழைய பிளாஸ்டிக், இப்போது அப்படி யாரும் செய்வதில்லையாம். பிறந்தபோது சிவப்பு. கல்யாணமான புதிதில் அம்மா வாசல் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறாள். கொஞ்சம் மிச்சமாகிவிட்டது. அம்மாவுக்கு எதுவும் வீணாகக்கூடாது. ஜன்னல் கம்பிக்கு அடித்தாள், ஸ்டூலுக்கு அடித்தாள், வாளிப் பிடிக்கு அடித்தாள், அப்புறமும் டப்பாவில் பெயிண்ட் இருந்ததால் அலமாரியில் தேமே என்று நின்றிருந்த காருக்கும் அடித்துவிட்டாள். “புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பாருங்க” என்று மாலையில் நீட்டியிருக்கிறாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கல்யாண வாழ்க்கையில் அதுவே நிம்மதியான வாரம் என்பாள் அம்மா.

அன்று முதல் கார் பச்சையாகவே இருந்தது. அப்பாவுக்கு உரித்தெடுக்க ஆசை. ஆனால் யார் கையையும் அவர் நம்பவில்லை, தன் கையையும் சேர்த்து.

“மேல இருக்கற பச்சை போகணும். அடியில இருக்கற சிவப்புக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. முடியுமா உன்னால?” என்றார்.

“பார்க்கறேன் சார்.”

“முடிஞ்சா மத்ததைப் பேசலாம்.”

ஆக, என் கல்யாணம் வாசல் கேட்டின் பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவன் காரைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தில் யார் கண்ணும் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“தின்னர் இல்லையா?”

“தின்னர் வெச்சா பெயிண்டோட பொம்மையும் சேர்ந்து கரைஞ்சுடும். இது பிரேக் ஆயில். வண்டி மேல ஒரு சொட்டு விழுந்தா போதும், பெயிண்டைத் தின்னுடும். நாங்க இதைப் பார்த்தாலே பத்தடி தள்ளி நிப்போம். இன்னிக்குத்தான் நல்ல காரியத்துக்கு எடுக்கறேன்.”

அந்த மூலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகு, சக்கரங்களைக் கழற்றி, மூடி போட்ட டப்பாவில் காரை எண்ணெயில் முக்கி வைத்தான். அடுத்த நாள் திறந்தபோது பச்சை, பாலாடை மாதிரி சுருங்கி மேலே மிதந்தது. கையுறை போட்டுக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் தேய்க்கத் தேய்க்க, கதவு இடுக்கிலிருந்தும் விளக்கைச் சுற்றியும் மிச்சப் பச்சையும் வந்துவிட்டது. உள்ளே சிவப்பு அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

அவன் காரை வெளிச்சத்தில் வைத்து நாலா பக்கமும் போட்டோ எடுத்தான். கூரையில் நீளமாக ஒரு கீறல், இடது கதவில் வரி வரியாகச் சிராய்ப்பு, பின்பக்கம் ஒரு வெட்டு.

“போட்டோ எதுக்கு?”

“வேலைக்கு முன்னாடி, வேலைக்குப் பின்னாடின்னு காட்ட வேண்டாமா?”

வேலைதான் முடிந்துவிட்டதே, பின்னாடி என்ன இருக்கிறது என்று அப்போதே எனக்கு மூக்கு வியர்த்திருக்க வேண்டும். காரைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். கீறல் விழுந்த ஒரு வண்டியோடு அவனைத் தனியாக விட்டுவிட்டு, முட்டாள் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் காரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். பிரித்தான். சிவப்பு கண்ணைப் பறித்தது. கூரையில் எங்கள் வீட்டு விளக்கு தெரிந்தது.

அப்பா லென்ஸை எடுத்தார். மேலே பார்த்தார், கதவைப் பார்த்தார், பின்னால் திருப்பினார், மறுபடியும் மேலே பார்த்தார்.

“எங்க?”

“எது சார்?”

“கீறல்.”

அவன் முகம் பெருமையில் மலர்ந்தது. “ஒண்ணு விடாம எடுத்துட்டேன் சார். உப்புத்தாள்ல உரசி, காம்பவுண்ட் பாலிஷ் போட்டு, கையாலயே தேய்ச்சேன். எப்படி இருந்துச்சுன்னு பாருங்க” என்று போனை எடுத்து, அந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். தன் மேல் தானே புகார் கொடுத்து, சாட்சியும் சொல்லி, கையெழுத்தும் போட்ட ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. “கூரையில இருந்தது மாடிப்படியில உருண்டப்போ விழுந்தது. கதவுல இருந்தது, ஸ்கூல்லேர்ந்து வீடு வரைக்கும் சுவரோரமா தேய்ச்சுக்கிட்டே வந்தேன்” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு? புதுசு மாதிரி” என்றாள். அந்த வார்த்தையை அந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குப் புரியவில்லை.

அப்பா சட்டென்று பழைய சர்வேயர் ஆனார். “பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டு வா. போட்டோதான் இருக்கே.”

“சார், கீறல் போடச் சொல்றீங்களா?”

“இருந்ததைத் திருப்பித் தரச் சொல்றேன்.”

வாசலில் அவன் காரை என் கையில் கொடுத்தான். “என்னால முடியாது. அப்பாகிட்ட நீயே சொல்லிடு.”

“ஒரு ஊசியை எடுத்து நாலு இழு இழுத்தா கல்யாணம். இதுல என்ன முடியாது?”

“இத்தனை வருஷமா கீறலை எடுத்துதான் சாப்பிடறேன். என் கையால ஒரு நல்ல வண்டியில கீறல் போட மாட்டேன்.”

“வண்டி இல்ல, பொம்மை!”

“எதுவா இருந்தா என்ன?” என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கார் கையில் இருந்தது அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் கல்லை எடுத்திருப்பேன். ஒரு பக்கம் விபத்துக்கு முந்தைய நிலையை விட்டு நகராத அப்பா. இன்னொரு பக்கம் விபத்தே நடக்காத மாதிரி ஆக்காமல் ஓயாத இவன். நடுவில் என் வயசு ஏறிக்கொண்டிருந்தது.

மதியம் அப்பாவும் அம்மாவும் தூங்கும்போது அறைக் கதவைத் தாழிட்டேன். எடுத்த அன்றே அவன் எனக்கும் அனுப்பியிருந்த போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, காம்பஸ் முனையால் கூரையில் முதல் கோட்டை இழுத்தேன். கோடு கோணலாகப் போயிற்று. நல்லவேளை, பழைய கோடும் கோணலாகத்தான் இருந்தது. கதவுச் சிராய்ப்புக்கு உப்புத்தாள் துண்டு, பின்பக்க வெட்டுக்கு பிளேடு. புதுக் கீறல் வெளுப்பாகத் தெரியும் என்று சின்ன வயதிலிருந்து அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் புருவத்துக்குத் தீட்டுகிற பென்சிலைச் சீவி, தூளை விரலால் ஒவ்வொரு கீறலிலும் அழுத்தித் தேய்த்துத் துடைத்தேன். அப்பா சொல்லிக்கொடுத்த வித்தை எதுவும் வீண்போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, “குடுத்தனுப்பினாருப்பா” என்று மேஜையில் வைத்தேன். அப்பா லென்ஸோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டைவிரலால் கூரைக் கீறலை ஒருமுறை தடவினார்.

“இது வேலை” என்றார். “கை தெரிஞ்ச பையன்தான். வரச்சொல்லு.”

நான் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அப்பாவின் கண் இவ்வளவுதானா என்று மனசு கஷ்டப்பட்டது. ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் அவனுக்குப் போன் போட்டு, “அப்பா எது சொன்னாலும் தலையை ஆட்டு. வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்” என்றேன். “ம்” என்றான்.

அவன் வந்தான். அம்மா காபி கொண்டுவந்தாள். அப்பா காரைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் எந்த ஒர்க்‌ஷாப்காரனையும் பாராட்டாத பாக்கியை எல்லாம் சேர்த்துப் பாராட்டினார். கோட்டின் ஆழம், சிராய்ப்பின் வாட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் நாற்காலியில் நெளிந்தான். நான் கண்ணாலேயே மிரட்டினேன்.

“சார், அது நான் பண்ணல.”

“என்னது?”

“கீறல் போட மாட்டேன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டேன். உங்க பொண்ணு பண்ணினது.” நிறுத்தியிருக்கலாம். உண்மையைச் சொல்லப் பழகாதவர்களுக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். “அப்புறம் சார், உங்க கார்லயும் இடது பக்கக் கதவு... நீங்க ஊர்ல இல்லாதப்போ தூண்ல இடிச்சுட்டாங்க. அது நான் பண்ணினது. அதாவது, சரி பண்ணினது.”

அப்பா எழுந்து வெளியே போனார். காரைச் சுண்டுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“பட்டியே போடலையா?”

“இல்ல சார். உள்ள இருந்து தட்டியே எடுத்துட்டேன்.”

அப்பா அவனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முழுசாக நொறுங்கின வண்டியைப் பார்க்கிற பார்வை அது, எனக்குத் தெரியும்.

“தம்பி,” என்றார். அதுவரை அவனை நீ என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். “உங்க மேல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா நீங்க ஒருதடவை நல்லா யோசிச்சுக்கங்க. என் பொண்ணு இப்படின்னு மறைச்சுக் கட்டிக்குடுத்தேன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாருங்க.”

இதில் யோசிக்க என்ன சார் இருக்கிறது என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்வான் என்று காத்திருந்தேன்.

“சரி சார். யோசிச்சுச் சொல்றேன்” என்று காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நானாகப் போன் பண்ணுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். மறுநாளும் போன் வரவில்லை. அப்பா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் சாயங்காலம் அவரால் முடியவில்லை.

“போன் ஏதாவது வந்துதா?”

“இல்லப்பா.”

“நீங்கதானே யோசிக்கச் சொன்னீங்க?” என்றாள் அம்மா.

“யோசிக்கச் சொன்னா இவ்வளவா யோசிப்பாங்க?” என்று எரிந்து விழுந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நானும் அம்மாவும் வெட்கமில்லாமல் கதவில் காதை வைத்தோம்.

“தம்பியா? நான்தான். இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன்... அன்னிக்கு ஏதோ வேகத்துல சொல்லிட்டேன். நல்ல பொண்ணுதான் தம்பி. சின்னச் சின்னக் கீறல் யார்கிட்டதான் இல்ல? ஓடற வண்டின்னா இருக்கத்தான் செய்யும்...”

இந்த வசனத்தை எத்தனை ஒர்க்‌ஷாப்காரர்கள் அப்பாவிடம் கெஞ்சிச் சொல்லியிருப்பார்கள்! ஒருத்தருக்கும் அவர் இரங்கியதில்லை. எனக்காக அவர் இப்படிக் குழைவதைக் கேட்டபோது, அதுவரை இருந்த கோபம் எல்லாம் போய் அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். அப்பா ம், ம் என்று கேட்டார்.

“ஐயோ, சரி பண்றதெல்லாம் வேண்டாம் தம்பி,” என்றார் அவசரமாக. “உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். எதையும் தேய்ச்சு எடுத்துடாதீங்க. அப்படியே இருக்கட்டும்.”

நாங்கள் நகர்வதற்குள் கதவைத் திறந்துவிட்டார். எங்களைப் பார்த்தும் பார்க்காதது போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஞாயித்துக்கிழமை அவங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்றாராம்,” என்றார். “அதுவரைக்கும் நீ இந்த வீட்டுல எதையும் தொடாதே.”