கருப்பன் கயிறு

என் தம்பி சூர்யபிரகாஷுக்கு வாய் திறக்கவில்லை. புரோட்டாவைப் பிய்த்து உள்ளே தள்ள முடியவில்லை; சால்னா பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. பிளஸ் டூ படிக்கிற பையன், கைக்குழந்தை மாதிரி தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்குகிறான்.

"உடம்புச் சூடுடி. மணத்தக்காளிக் கீரை வாங்கிட்டு வா" என்றாள் அம்மா. வாங்கி வந்தேன். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட வேண்டும். அப்பா திருப்பூரிலிருந்து போனில் ஒரு அதட்டு அதட்டுவார், அதோடு அவர் கடமை முடிந்தது. கீரைக்கும் கேட்கவில்லை என்றதும், ஜவுளிக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வில்லாபுரத்திலிருந்து அம்மா, தம்பி இரண்டு பேரையும் தல்லாகுளத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா மூன்று விரல்களைச் சேர்த்துக் காட்டி, "இப்படி வாய்க்குள்ள விடு" என்றார். மூன்றும் போக வேண்டுமாம்; தம்பிக்கு ஒன்றரை விரல்தான் போனது. டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து இறுகிப் போயிருக்கிறது என்றார்.

"சிகரெட் பிடிப்பியா?"

"இல்ல டாக்டர்." கையை நீட்டி மணிக்கட்டில் கிடந்த கறுப்புக் கயிற்றைக் காட்டினான். "சத்தியம் பண்ணிருக்கேன்."

அது பொய்யில்லை. போன ஆடியில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சிகரெட்டும் கையுமாக மாட்டினான். அம்மா அழுது தீர்த்துவிட்டு, அவனியாபுரம் தாண்டியிருக்கும் எங்கள் கருப்பசாமி கோயிலுக்கு அவனை இழுத்துப் போனாள். எங்கள் பக்கத்தில் குடிகாரனைத் திருத்துவதற்கும் இதுதான் வழி. "பீடி சிகரெட் தொடமாட்டேன்" என்று சூடத்தை அடித்துச் சொல்ல வேண்டும். பூசாரி கயிறு கட்டுவார். மீறினால் கருப்பன் சும்மா விடமாட்டான்.

தம்பி மீறவில்லை. முதல் வாரம் தூக்கமில்லாமல், கை நடுங்கி, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். பெற்ற மனசு பொறுக்கவில்லை. அம்மா தன் வெற்றிலை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை புகையிலையைக் கிள்ளிக் கொடுத்தாள். "இத ஓரமா அடக்கிக்கய்யா. நமநமப்பு நின்னுரும்." அதை அவள் ஒளித்துச் செய்யவில்லை. எங்கள் வீட்டில் புகையிலை வெற்றிலையோடு சேர்ந்த சாமான். சிகரெட்தான் கெட்ட பழக்கம். சத்தியத்திலும் புகையிலையின் பெயர் இல்லை.

கொஞ்ச நாளில் டப்பா போதவில்லை. வேறு என்ன போடுகிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். "ஒதட்டுக்குள்ள வைக்கிற பாக்கெட்டு டாக்டர். பசங்க தருவாய்ங்க" என்று தம்பி முணுமுணுத்தான். "அது இல்லாம கிளாஸ்ல உக்கார முடியல."

"புகையிலையை உனக்கு மொதல்ல பழக்கினது யாரு?"

அம்மா முந்திக்கொண்டாள். "சேர்க்கை சரியில்லங்க. கூடப் படிக்கிற பயலுக கெடுத்துட்டாய்ங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயெடுத்தேன். மேசைக்கடியில் தம்பி என் காலை மிதித்தான். அந்த நேரத்தில் அவன் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், புற்றுநோயா என்பது அப்போதுதான் தெரியும், இறுகியது முழுசாகப் பழையபடி ஆகாது, இன்றைக்கே விட்டால் இதோடு நிற்கலாம் என்றார். விடும்போது வரும் நடுக்கத்துக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டாம். அது தெரியாமல்தான் நாங்கள் கோயிலுக்கும் டப்பாவுக்கும் அலைந்திருக்கிறோம்.

மாடிப்படி இறங்கி பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

"வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போவோம்யா" என்றாள் அம்மா. "பாக்கெட்டயும் சேத்துச் சொல்லி இன்னொரு கயிறு கட்டிருவோம்." சொல்லிக்கொண்டே அவள் விரல் தன்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தது.

தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "வீட்ல இந்த டப்பா இருந்தா என்னால விட முடியாதும்மா. நீயும் கட்டிக்கிறியா?"

"எனக்கு எதுக்குடா? ஒன் வயசுலருந்து போடுறேன். எனக்கு என்ன கொள்ளையா போச்சு?"

"அப்ப மூணு வெரல விட்டுக் காட்டு."

"போடா கிறுக்கா" என்று சிரித்துக்கொண்டே அம்மா விரல்களைச் சேர்த்து வாய்க்குள் விட்டாள். இரண்டு போனது. மூன்றாவது பல்லில் இடித்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

வில்லாபுரம் பஸ் வந்து நின்று கிளம்பியது. எங்களில் யாரும் ஏறவில்லை. அம்மா விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா கெளம்பியிருப்பாகளாடி?" என்றாள்.