இரண்டாவது பாட்டில்

கொழுந்தன் இரண்டாவது பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அடைப்பு நீக்கும் திரவம் ஏற்கெனவே ஒரு பாட்டில் உள்ளே போயிருந்தது. ஆனாலும் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் குடித்த டம்ளர்கள் மேடை முழுக்கக் கிடந்தன.

"ஒண்ணுல போகல அண்ணி. இது வேற கம்பெனி. ரெண்டும் சேர்ந்தா போயிடும்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அவளிடம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னாள்.

முந்தாநாள் காலை, குழாய் வேலைக்குக் கிளம்பிய கணவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. "கை இன்னைக்கு லீவாம்" என்று சிரித்தார். சிரித்த வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவசரமாகச் சொன்னாள்: "ஒரு மருந்து மூளையில அடைச்ச ரத்தக் கட்டியைக் கரைக்கும். இன்னொண்ணு மறுபடி கட்டாம பாத்துக்கும். சேர்த்துக் குடுத்தா நல்லா திறக்கலாம், ரத்தம் கசியவும் செய்யலாம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கும்மா. யோசிக்க நேரமும் இல்ல."

"உங்க வீட்டுக்காரரா இருந்தா?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினாள். "குடுக்கச் சொல்லுவேன்னுதான் நினைக்கிறேன்."

அவள் சரி என்றாள்.

சாயங்காலம் அந்தக் கை அவள் விரலை இறுக்கிப் பிடித்தது. பிழைத்துவிட்டார் என்று மகனுக்குப் போன்கூடப் போட்டாள். அப்புறம் தலைவலி என்றார், வாந்தி எடுத்தார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருந்து கேட்டதா, கெடுத்ததா? கொடுக்காவிட்டாலும் போயிருப்பாரா? யாரிடம் போய்க் கேட்பது?

மகன் போனைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். "பெரியப்பா கேக்கிறாரு. அடைப்பாலயா, ரத்தக் கசிவாலயா?"

"ரெண்டும்னு சொல்லு."

"அதெப்படிம்மா ரெண்டும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா?"

கொழுந்தன் பாட்டிலைச் சாய்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம் தம்பி. உங்க அண்ணன் ரெண்டைச் சேர்த்து ஊத்தவே மாட்டாரு. பழைய குழாய் தாங்காதும்பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆஸ்பத்திரியில் இது ஏன் நினைவுக்கு வரவில்லை? வந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள்? ஒரு நாள் முழுக்க ஆனாலும் அவர் கம்பியை விட்டுத்தான் அடைப்பை எடுப்பார். அங்கே ஒரு நாளுக்கு எங்கே போவது?

கொழுந்தன் பாட்டிலைக் கீழே வைத்தான்.

அவருடைய வேலைப் பையிலிருந்து ரப்பர் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். விரல்கள் தொளதொளத்தன. கம்பிச் சுருளைப் பிரித்து, தொட்டியின் துளைக்குள் மெல்ல விட்டாள். கொஞ்ச தூரம் போய் எதிலோ முட்டியது.

அவள் தள்ளவில்லை. கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.