லார்க்வேல் தொகுதியின் நான்கு ஓட்டு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணச் சட்டமன்றத்தில் லார்க்வேல் தொகுதி இருந்ததே இருபத்தாறு வருடம்தான். 1938இல் அதை மூன்று துண்டாக்கிப் பக்கத்துத் தொகுதிகளோடு சேர்த்துவிட்டார்கள். ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்காக அதைப் பற்றி எழுதச் சொன்னபோது, ஒரு வாரத்து வேலை என்றுதான் தெல்மா டீச்சர் நினைத்தாள். இப்போது ஐந்தாவது மாதம்.

எல்லாம் 1929 தேர்தலால் வந்த வினை. விவசாயி குசிக் நான்கு ஓட்டில் தோற்றார். அவருக்குச் செல்வாக்கு இருந்த வடகோடிச் சாவடியின் பெட்டி, கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து வந்ததால் எண்ணாமலே ஒதுக்கிவிட்டார்கள். ஏன் தாமதம் என்று கேட்டால் காபிக் கடையில் ஆளுக்கொரு கதை. ஆளுங்கட்சி திருடிவிட்டது என்றார் ஒருவர். ஆற்றோடு போனது என்றார் இன்னொருவர். அடித்துப் பேசியவர்களில் பாதிப் பேர் அன்று பிறந்திருக்கவே இல்லை. விவரம் தெரிந்த ஒரே ஆள் குசிக்கின் மகன் நெஸ்டர். அவரோ தெல்மா போன மூன்று முறையும் வானிலை பேசியே அனுப்பிவிட்டார்.

நான்காம் முறை போனபோது தெல்மாவுக்குப் பொறுமை இல்லை. பெட்டியைத் திருடிவிட்டார்கள் என்றே எழுதி முடிக்கப் போவதாகச் சொன்னாள்.

நெஸ்டர் தொப்பியைக் கழற்றினார். "அப்படி எழுதாதீங்க டீச்சர். அந்தப் பெட்டியக் கொண்டுவந்தது உங்க அப்பா."

தெல்மா பேனாவை மூடினாள்.

அன்று மழையில் பாதையெல்லாம் சேறு. பெட்டியோடு வண்டியில் வந்த அவள் அப்பா வழியில் குசிக் வீட்டில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நின்றார். குசிக் ஊரில் இல்லை. அவர் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளை ஏற்றிக்கொண்டு வண்டியை எதிர்த்திசையில் திருப்பி, நாற்பது மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

"வெளிய தெரிஞ்சா உங்க அப்பாவ ஜெயில்ல போட்டிருப்பாங்க. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எங்கப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். தோத்ததப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசினதில்ல."

"எங்கப்பா செத்தே பன்னண்டு வருஷம் ஆச்சு. யார ஜெயில்ல போடப் போறாங்க? மொதல் தடவையே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சத்தியம்னா சத்தியம்தானே."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றே உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினாள். இரண்டு பக்கத்துக்குத்தான் இடம் என்றது புத்தகக் குழு. அப்படியானால் பனிச்சறுக்குச் சங்கத்தின் படங்களை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, தாள்களை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். எட்டுப் பக்கமும் அச்சாயின. காபிக் கடையில் இப்போதும் பெட்டி திருட்டுப் போனது என்றுதான் சொல்கிறார்கள்.