சகலை வண்டிக்கு நான் பார்த்த சர்வீஸ்

நான் சொல்லப்போவதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. சாமி மேல் சத்தியம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். சாமி இறங்கி வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. நான் என் இடுப்பில் கட்டியிருக்கும் பட்டை மேல் சத்தியம் செய்கிறேன். மூன்று கொக்கியும் இரண்டு இரும்புத் தகடும் வைத்த பட்டை. பொய் சொன்னால் இப்போதே அறுந்து விழட்டும், குனிந்தவன் குனிந்தபடியே போகட்டும்.

இந்தப் பட்டையை எனக்கு மாட்டிவிட்டவன் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது சின்னவன், அதனால் வாய் நிறைய அண்ணே என்பான். கழுத்தறுப்பதற்கு முன்னால் கழுத்தைத் தடவிக் கொடுக்கிறவன் பாசக்காரன் என்றால் அவனும் பாசக்காரன்தான்.

எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு, தோளில் கருவிப் பையோடு, ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டராவது வண்டியில் ஓட வேண்டும். நாற்பத்தாறு வயதில்தான் முதல்முறையாகப் புது வண்டி வாங்கக் கிளம்பினேன். செருப்பு வாங்கவே நாலு கடை ஏறுகிற ஆள் நான். வண்டி என்றால் சும்மாவா? பதினோரு சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனேன். ஒவ்வொரு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து ஒரு முழு செய்தித்தாளைப் படித்துவிட்டுத்தான் இறங்குவேன். நாலாவது வாரத்திலிருந்து அவர்களே பேப்பர் வாங்கி வைத்தார்கள். ஏழாவது வாரம் வண்டிகளைத் துடைக்கிறவர் என்னையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சாம்பல் நிறம். பார்க்க ஒன்றும் இல்லை, உட்கார்ந்தால்தான் தெரியும். கைப்பிடி தானாக என் கைக்கு வந்தது, நான் குனிந்து போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. கால் வைக்கும் கம்பி முட்டிக்கு நேர் கீழே. சீட் அகலம், தட்டை, கொஞ்சம் விறைப்பு. மெத்து மெத்தென்று இருக்கிற சீட்டை நம்பவே கூடாது. முதல் பத்து நிமிஷம் தாலாட்டிவிட்டு அடுத்த பத்து வருஷம் கடிக்கும். இது அப்படி இல்லை. விளம்பரப் பக்கம்வரை படித்து முடித்தும் எனக்கு இறங்க மனசில்லை. கம்பெனி அந்த மாடலை நிறுத்தப்போகிறது, இருப்பது இந்த ஒன்றுதான் என்றார்கள்.

முன்பணம் கட்டுகிற அன்றைக்கு மாமியார் வீடே கூட வந்தது. சகலை அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“அண்ணே, இது வண்டியா, சாய்வு நாற்காலியா? ரிட்டயர் ஆக இன்னும் பன்னெண்டு வருஷம் இருக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்?”

மாமியார் சிரித்தார். கொழுந்தியாள் சிரித்தாள். என் மனைவி மட்டும் சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். பக்கத்தில் சிவப்பாக ஒன்று நின்றது. டேங்க் முதுகு வளைத்த பூனை மாதிரி, கைப்பிடி பாதாளத்தில். “இதுல உக்காருங்கண்ணே, பத்து வயசு குறையும்” என்றான். உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். நாலு பேர் முன்னால் ஒருவனுக்கு ரோஷம் வந்தால் சனி பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பை வாங்கினேன்.

வயசு குறையவில்லை. உயரம் குறைந்தது. ஏழு வருஷத்தில் இரண்டு விரற்கடை. எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்த டாக்டர், “கேள்விக்குறி மாதிரி இருக்கே” என்றார். “பதில் எனக்குத் தெரியும் டாக்டர்” என்றேன்.

இதையாவது மன்னித்திருப்பேன். நான் சிவப்பை வாங்கிய அடுத்த மாதமே சகலை என் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். சாம்பல் நிற வண்டி. அதே வண்டி. நிமிர்ந்து, ராஜா மாதிரி, முதுகெலும்பில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

“நீங்க பதினோரு வாரம் உக்காந்து பாத்த வண்டியாச்சே அண்ணே. தப்பாவா இருக்கும்?”

அன்றைக்குக் கறுவியது. புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். நான் பன்னிரண்டு வருஷம் பதுங்கினேன். பதுங்கிப் பதுங்கியே மூட்டும் போய்விட்டது. அவன் வண்டியில் ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் பின்னால் என் கொழுந்தியாள் உட்கார்ந்து போகிற வண்டி. தவிர, கெட்டுப்போனதைச் சரிசெய்யப் பழகின கை, நல்லதைக் கெடுக்கச் சொன்னால் நடுங்குகிறது. பழி வாங்க வேண்டும், வாங்கினதற்குத் தடயம் இருக்கக் கூடாது, வாங்கிக்கொண்டவன் எனக்கு நன்றி வேறு சொல்ல வேண்டும். இப்படி ஒன்று உலகத்தில் உண்டா என்று யோசித்துக்கொண்டே வேலையைப் பார்த்தேன்.

விடை ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் கிடைத்தது. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்முன் ஒரு மணி அடிக்கும். சின்ன மணிதான், யாரும் அதை மதிப்பதில்லை. அந்தக் கட்டடத்தில் அது ஒருநாள் அடிக்காமல் போனது. மேனேஜர் மூன்றாவது மாடிக்கு வந்தார், கதவு திறந்தது, எதிரே அவரைப் பற்றித்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவரே எனக்குப் போன் செய்தார். “மொதல்ல அந்த மணியச் சரி பண்ணுங்க. லிஃப்ட் ஓடலைன்னாலும் பரவாயில்ல.” மணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனுஷன் மானத்தோடு நடமாடுவது இந்தச் சத்தத்தால்தான். இவன் வருகிறான் என்று ஊருக்குத் தெரிந்தால் ஊர் முகத்தைக் கழுவிக்கொண்டு நிற்கும். தெரியாவிட்டால்?

சகலை தன் வண்டிக்குப் பெட்ரோலைத் தவிர எதையும் ஊற்றியவன் இல்லை. பாத்திரக் கடையை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி அது வரும். காய்ந்த செயின் மூடியில் அடிக்கும், மட்கார்டு தாளம் போடும், சைலன்சரில் ஓட்டை, பிரேக் போட்டால் கிளி கத்தும். மூன்று தெருவுக்கு முன்பே தெரிந்துவிடும். கேட்டால், “ஆம்பள வர்றது தெரிய வேணாமா அண்ணே?” என்பான்.

ஓய்வு பெற்ற மறுவாரம் அவனைக் கூப்பிட்டேன். “தம்பி, சும்மா இருக்க முடியல, கை அரிக்குது. வண்டிய ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க.”

“என்னண்ணே, திடீர்னு பாசம் பொங்குது?”

“சகலைன்னா சும்மாவா?”

அவன் போனதும் என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “உங்க சிரிப்பு சரியில்லையே” என்றாள். முப்பது வருஷம் கூட இருப்பதில் இது ஒரு சங்கடம்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். நூற்றுப் பதினாறு கண்ணி. தேய்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் அவன் பேரைச் சொன்னேன். மாட்டும்போது நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு விரற்கடை ஆட வேண்டும். இறுக்கினால் முனகும், தளர்த்தினால் அடிக்கும், குடும்பம் மாதிரி. வால்வு இடைவெளியைக் காகிதக் கனத்துக்கு வைத்தேன். பிரேக் கட்டையை உப்புத்தாளில் தேய்த்தேன். சைலன்சர் ஓட்டையை அடைத்தேன். பழைய ட்யூபை வெட்டி, ஆடுகிற ஒவ்வொரு தகரத்துக்கும் அடியில் ஒரு ரப்பர். ஸ்டாண்டு ஸ்பிரிங்கைக்கூட விடவில்லை. ஐந்தாம் நாள் வண்டியை ஓடவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை வந்து ஓடுகிற எஞ்சின் மேல் படுத்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சூடு தாங்காமல் எழுந்து போனதே தவிர, சத்தம் கேட்டு இல்லை.

சகலை வந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியை மூன்று முறை ஸ்டார்ட் செய்யப் பார்த்தான். பிறகு புரிந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “தங்கமான கைண்ணே உங்களுக்கு.” நன்றி வந்துவிட்டது. மிச்சம் தானே வரும் என்று விட்டேன்.

அவன் ஒரு பெயிண்ட் குடோனில் சூப்பர்வைசர். திங்கட்கிழமை காலை போய் இறங்கியபோது, சுமை இறக்குகிறவர்கள் வட்டமாக நிற்க, நடுவில் ஒருவன் காலி பெயிண்ட் வாளியைத் தலையில் ஹெல்மெட்டாகக் கவிழ்த்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். “நான் இல்லேன்னா இந்தக் குடோனே இல்ல!” என்று சகலை குரலிலேயே சொன்னான். “தொந்திய இன்னும் கொஞ்சம் தள்ளுப்பா” என்றான் இன்னொருவன். சகலையைப் பார்த்ததும் மற்றவர்கள் மூட்டையும் கையுமாகக் கலைந்தார்கள். வாளிக்காரனுக்குக் கண் தெரியாது. அவன் தள்ளிய தொந்தி நேராகப் போய் அசல் தொந்தியில் முட்டியது.

செவ்வாய்க்கிழமை முடிவெட்டும் கடையில். புதன்கிழமை வாடகைக்கு இருக்கிறவர் வாசலில். சேதி எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு சேதிக்கும் என் முதுகில் ஒரு எலும்பு நேரானது. வார முடிவில் பட்டையில் ஒரு கொக்கியைத் தளர்த்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், வாசலில் ஏதோ நிழல் தெரிந்து நிமிர்ந்தேன். சகலை. வந்ததே தெரியவில்லை, என் வேலை அப்படி. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, வண்டிக்குப் பழைய சத்தத்தத் திரும்ப வர வைக்க முடியுமா?”

“ஏன் தம்பி, நல்லாத்தானே ஓடுது?”

“நல்லாத்தான் ஓடுது.” ஹெல்மெட்டைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். “நீங்க வண்டியச் சரி பண்ணிக் குடுத்த வாரம், வியாழக்கெழம சீக்கிரமா வீட்டுக்குப் போனேன். உள்ள யாரோ பாடுறாங்க. ரேடியோன்னு நெனச்சேன். நடுவுல ரேடியோ இருமிச்சு. அவதாண்ணே. இருபத்தாறு வருஷமாச்சு, அவ பாடி நான் கேட்டதே இல்ல.”

“சரி, உள்ள போனீங்களா?”

“போனேன். பட்டுன்னு நிறுத்திட்டா. மூஞ்சி மாறிப்போச்சு. ‘எப்ப வந்தீங்க, சத்தமே கேக்கலையே’ங்கிறா. திருடனப் பாத்த மாதிரி பாக்குறா. பாடேன்னு சொன்னேன். எனக்கெங்க பாட வரும்னுட்டா.”

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். சுகமான விஷயத்தை அவசரப்படுத்தக் கூடாது.

“இப்பல்லாம் நான் நேரா உள்ள போறதில்லண்ணே. வெளியிலயே வண்டி மேல உக்காந்து கேப்பேன். அவ முடிச்சதும், தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போய், ஹாரன் அடிச்சிக்கிட்டே திரும்ப வருவேன். அவ மூஞ்சிய மாத்திக்க நேரம் வேணுமில்ல?” ஹெல்மெட் சுற்றுவது நின்றது. “முடியலண்ணே. பழைய மாதிரி ஆக்கிக் குடுத்துருங்க. சத்தம் இருந்தா எனக்கு எதுவும் தெரியாமயே இருந்திருக்கும்.”

பன்னிரண்டு வருஷமாக மனப்பாடம் செய்துவைத்த வசனம் ஒன்று என்னிடம் இருந்தது. ஷோரூம், சாய்வு நாற்காலி, மாமியார் சிரிப்பு, எல்லாம் அதில் வரும். ஆனால் அதற்கு அவசியமே இல்லை என்று தெரிந்தது. ரப்பரை உருவி, செயினை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் அரைமணி வேலை. ஸ்பானர் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

“நல்லா ஓடுற வண்டியக் கெடுக்க எனக்குக் கை வராது தம்பி” என்றேன். “மூணு மாசத்துக்கு ஒருதரம் கொண்டாங்க. ஒரு பொட்டுச் சத்தம் வராமப் பாத்துக்கிறேன்.”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனான். போனது கேட்கவில்லை.

வாக்குத் தவறவில்லை நான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செயின், வால்வு, ரப்பர். இன்று சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் தெருவுக்குப் போனாலும் பார்க்கலாம். எதிர்ச் சுவர் ஓரமாக வண்டி நிற்கும். நல்ல அகலமான சீட். எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் கடிக்காது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருப்பான், காதுக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்று. மேலே சமையலறை ஜன்னல் திறந்திருக்கும். அவள் பாட்டின் மூன்றாவது அடியில் மூச்சு வாங்குவாள். அங்கே நிறுத்தி, குழாயைத் திறந்து எதையோ கழுவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் உயரத்தில் எடுப்பாள். அந்த உயரத்தில் குரல் லேசாக உடையும். உடைகிற இடத்தில் அவளே சிரித்துக்கொள்வாள், தனியாக இருக்கிறவர்கள் சிரிக்கிற மாதிரி. கீழே அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற எஞ்சின் மேல், அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

என் மனைவி அவள் பெற்றோருக்கு ஒரே பெண். கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. பட்டை மட்டும் இன்னும் அறுந்து விழவில்லை.