ருசி பார்க்காத மக்ரோனி

...உப்பு போட்டாளா இல்லையா, அதுதான் சிவகாமிக்கு நினைவில்லை, வெண்ணெயில் மைதாவை வறுக்கும்போது கை உப்பு ஜாடிப் பக்கம் போனது நிச்சயம், போன கை எடுத்ததா, அதற்குள் பால் பொங்கி, அதைப் பிடிக்கத் திரும்பி... ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும், ஆனால் காவடி விரதம் முடியும்வரை இந்த வீட்டில் விளக்கின் முன் வைக்காததை யாரும் வாயில் வைப்பதில்லை, சமைக்கிறவளும்தான். ரசம் என்றால் சிவகாமி வாசனையிலேயே சொல்லிவிடுவாள். இந்த வெள்ளைக் குழம்பை எப்படி மோந்து பார்ப்பது? பாலும் சீஸும் ஜாதிக்காயும், கோயிலுக்கும் ஓட்டலுக்கும் நடுவில் எங்கோ நிற்கிற வாசனை. முருகன் மக்ரோனி சாப்பிடுவாரா? சேமியா சாப்பிடுகிறவர்தானே, அதன் தடித்த தம்பி இது...

எல்லாம் பிள்ளை தனராஜால் வந்தது. “ஜெரால்டினோட அம்மாவுக்கு மக்ரோனின்னா உயிரும்மா.” உயிர்தான், ஆனால் அதில் பன்றி ஹாம் போடுவார்களாம், முட்டை போடுவார்களாம், இரண்டும் இப்போது வாசலைத் தாண்டி வரக்கூடாது. விரதம் முடிந்து வாருங்கள் என்று சொல்லலாம் என்றால் கப்பல் காத்திருக்குமா? அடுத்த மாதம் தீவுக்குச் சுதந்திரம், கொடி மாறுவதற்குள் ஜெரால்டினின் அம்மா ஊகெட் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறாள், போர்ட் லூயியில் பாதி வீடுகளில் இப்படிப் பயந்து பெட்டி கட்டுகிறார்கள். ஜெரால்டினை இங்கே விட்டுப்போக, தனராஜுக்குக் கட்டிக்கொடுக்க, ஊகெட் மனம் வைக்கவேண்டும். இல்லையென்றால் நானும் அவளோடு போகிறேன் என்கிறான் பையன், இந்த மோக்காவில் பிறந்து மோக்காவைத் தாண்டினால் தலைவலிக்கிற பையன்... போய்விடுவான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அடுப்பைத் தணித்தாள். குழம்பு கட்டி தட்டாமல் பட்டுப்போல் விழுந்தது. அது வரைக்கும் சரி.

பூசைத் தட்டில் ஒரு கரண்டி வைத்துக் கற்பூரம் காட்டித் திரும்புவதற்குள் தாயும் பெண்ணும் வந்துவிட்டார்கள், தனராஜ் பாத்திரத்தோடு மேசைக்குப் போய்விட்டான், விருந்தாளிக்கு முன்னால் கரண்டியை நக்கவா முடியும்? மாதா கோயிலிலிருந்து நேராக வந்த ஊகெட், தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து முதல் வாயை மென்றாள். மெல்வது நின்றது.

“மதாம், உப்பை மறந்துட்டீங்க,” என்றாள் ஊகெட், தீவின் கிரியோல் பேச்சில், மெதுவாக.

“விரத நாள்ல நாங்க ருசி பாக்கறதில்ல, மதாம். சாமிக்குத்தான் முதல்ல.”

“அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்ல மாட்டார்.”

“என் புருஷன் மாதிரிதான்,” என்று ஊகெட் மாங்காய் அச்சார் ஊறுகாயை இழுத்து மக்ரோனி மேல் கொட்டினாள், கிளறினாள், சாப்பிட்டாள். ஜெரால்டின் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். ஊகெட்டுக்குக் கோபமா, பசியா, ஒன்றும் தெரியவில்லை, பாதித் தட்டு காலியான பிறகுதான் மகளைக் காட்டி அவள் சொன்னாள்: “இவ இங்க சமைச்சா நாக்கைக் கட்டிப்போடணும். வீட்டுல கிளறினதும் நக்கிப் பாக்கறவ.”

சமைச்சா. இங்க. காதில் சரியாகத்தான் விழுந்தது, தனராஜ் கூட நிமிர்ந்து பார்த்தானே... எழுந்து ஊகெட்டின் கையைப் பிடிக்கலாமா? பிடித்தால் பயந்து பின்வாங்கிவிட்டால்? ஊகெட் தட்டைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னத்தை, காதை, வளையல் இல்லாத கையை, ஒவ்வொன்றாக. இந்த வாரம் முழுக்க சிவகாமி தன் பிள்ளையை இப்படித்தான் பார்த்தாள். அப்படியென்றால் கப்பல் கிளம்பும்போது கைக்குட்டையோடு மேல்தளத்தில் நிற்கப்போவது இவள்தானே... இதை எப்படி நினைக்காமல் விட்டேன், என் வீடு நிறைய அவள் வீடு குறையவேண்டுமா, நன்றி என்றால் போதுமா, மன்னிப்புக் கேட்பதா? வாய் தானாக வேறு எதையோ கேட்டது.

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

ஊகெட் தட்டை நீட்டினாள்.