முன்பக்க ஜன்னல்

கெட்டுப்போயிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமாம், அதையும் அவளேதான் நிரூபிக்க வேண்டுமாம், குளிர்காலத்தில் இந்த அறையில் ஒரு வாரம் உட்கார்ந்து துணி தைத்துப் பார்க்கச் சொன்னால் எந்த அதிகாரிக்கும் நிரூபணம் தேவைப்படாது, ஆனால் அவர்கள் எங்கே உட்காரப்போகிறார்கள், தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள், ஜன்னல் நன்றாகத்தானே இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், டீ குடிக்கப் போய்விடுவார்கள்... பெயிண்ட் சுரண்டுகிற பட்டித் தகட்டின் முனையை ஜன்னலுக்கும் நிலைக்கும் நடுவே வைத்து உள்ளங்கையால் தட்டினாள். இறங்கவில்லை. நடுவே என்று ஒன்று இருந்தால்தானே இறங்கும், பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து இடைவெளியே இல்லாமல் போயிருந்தது, பெயர்தான் ஜன்னல், மற்றபடி சுவரோடு சுவர். இன்று காலை வரப்போகிற அதிகாரி போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான், திறந்து வைங்கம்மா, அடிச்சட்டத்தை உள்பக்கமா பார்க்கணும் என்றார். அடிச்சட்டம் உளுத்திருந்தால் புது ஜன்னல் போட அனுமதி, இல்லையென்றால் இதையே பழுதுபார்த்து வைத்துக்கொள், அதுதான் விதி. பழமை மாறக் கூடாதென்று பாதுகாக்கப்பட்ட தெரு இது. வீட்டு முகப்புகளைப் பாதுகாக்கிறார்கள். முகப்புக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றி அந்த விதிமுறையில் ஒரு வரி கிடையாது, அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துப் பார்த்துவிட்டாள்.

வழிக்கு வருதா வக்கீலம்மா என்று அம்மா தையல் மெஷினிலிருந்தே கேட்டாள், வக்கீலுக்குப் படித்தவள் இல்லை அவள், கட்டடக் கலை படித்தவள், பரம்பரையிலேயே முதல் பட்டம், ஆனால் வாய் வக்கீல் வாய் என்று அப்பா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வரும், வராம எங்க போகும் என்றாள். அம்மா சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு பாதியிலேயே இருமலாகத் திரும்பியது, இருமல் முடிந்ததும் அந்த இழுப்பு, நெஞ்சுக்குள் யாரோ அட்டைப் பெட்டியைத் தரையோடு தரையாக இழுப்பது போல... இந்த அறை காயணும், இல்லேன்னா அவங்க இந்த அறையை விடணும், ரெண்டுல ஒண்ணு, அடுத்த குளிருக்குள்ள முடிவு பண்ணுங்க என்று டாக்டர் சொன்னபோது அம்மா அவரிடம் கேட்ட கேள்வி, மெஷினை எங்க டாக்டர் போடறது. வேறு எங்கும் இடமில்லை. பின்னறையில் வெளிச்சமில்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பார்க்க இந்த ஜன்னலின் வெளிச்சம் வேண்டும் அம்மாவுக்கு. ஆக ஜன்னல் மாறியே தீர வேண்டும், குளிர் வருவதற்குள், விதிமுறை சொல்கிற மரத்தில், விதிமுறை சொல்கிற அளவில், தெருக்கோடி வீட்டுக்காரர் கேட்காமல் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டிவிட்டுப் பிறகு ஊர் பார்க்கக் கழற்றினாரே, அந்தப் பேச்சுக்கே இங்கே இடமில்லை. அவர்களுடைய விதியை வைத்தே அவர்களை மடக்க வேண்டும்.

தகடு கொஞ்சம் இறங்கியது. மேலே வெள்ளை, அதன் கீழே பழுப்பேறிய மஞ்சள், அதற்கும் கீழே பச்சை... பச்சையைப் பார்த்ததும் கை தானாக நின்றது. இந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவள்தான், அப்போது டப்பாவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது, குடிவந்து முதல் கோடை, பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் பிரஷ்ஷை எடுத்தார், கண்ணாடியைச் சுற்றி அடித்தார், சரி, பிறகு ஜன்னல் நிலையோடு சேருகிற கோட்டின் மேல் அடித்தார், மறுபடியும் அடித்தார், கோடு பெயிண்ட்டைக் குடித்தது, அவர் விடவில்லை, இடைவெளி நிரம்பும்வரை அதே இடத்தில் பிரஷ்ஷை ஒற்றிக்கொண்டே இருந்தார். அப்பா, இது இனிமே திறக்காதே என்றாள். குளிர் வராம இருக்கட்டும்டா என்றார். கோடைகாலத்தில். வியர்வை மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது அவருக்கு. குளிராம்.

அதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு டீச்சர் வந்திருந்தாள், இப்போது ரிட்டயர் ஆகிவிட்டாள், அப்போதே ரிட்டயர் ஆனவள் போலத்தான் பேசுவாள், உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள், கையில் பழம் கொண்டுவந்திருந்தாள், அதுதான் இன்னும் எரிகிறது, பழம் கொடுத்துவிட்டுச் சொன்னாள், தப்பா எடுத்துக்காதீங்க, இந்தத் தெரு கொஞ்சம் அமைதியான தெரு, குடும்பம்தான் வருதுன்னு நெனச்சோம், தையல் கடை வருதுன்னு நெனைக்கல. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பாவும் சிரித்தார். சரிங்க மேடம் என்றார். எத்தனை இடத்தில் இந்தச் சரிங்க, டிப்போ மேனேஜரிடம் சரிங்க, பேங்க்கில் சரிங்க, பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்கப் போனபோது சரிங்க, ஒரு ஆள் வாழ்நாளில் எத்தனை சரிங்க சொல்லலாம் என்று யாராவது அளவு வைத்தால் அப்பா அதை எப்போதோ தாண்டியிருப்பார். அம்மா அதோடு நிறுத்தவில்லை, மூடின ஜன்னலுக்குப் பின்னாலும் மத்தியானத்தில் மெஷினை மெதுவாகத்தான் மிதிப்பாள், டீச்சர் தூங்குற நேரம் என்று, டீச்சருக்குக் காதே மந்தமாகிவிட்டது, இன்னமும் மெதுவாகத்தான் மிதிக்கிறாள்... தகட்டை ஓங்கித் தட்டினாள். பச்சை சில்லுச் சில்லாகத் தெறித்தது. முகத்தில் பட்டது. நல்லா வேணும் என்று யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை, பெயிண்ட்டையா, டீச்சரையா, அப்பாவையா.

மேல் பாதியில் மரம் கல் போல இருந்தது, நல்ல மரம், எவன் செய்தானோ நன்றாகத்தான் செய்திருக்கிறான், அது வேறு பயம், கீழேயும் இப்படியே இருந்துவிட்டால் அனுமதி போச்சு... ஜன்னலடியில் அம்மா செருகி வைத்திருந்த துணிச்சுருளை இழுத்தாள். தைத்து மிஞ்சிய துண்டுகளைச் சுருட்டிச் சுருட்டி அம்மா அங்கே வைப்பது வழக்கம், குளிரில் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழியும், மூச்சுதான் தண்ணீராகிறது, இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் சேர்ந்துகொள்கிறது, போவதற்கு வழியில்லாமல் கண்ணாடியில் ஏறி, இறங்கி, துணியில் ஊறும். அம்மா துணியை மாற்றுவாள். ஈரம் மாறாது. சுருள் மரத்தின் ஒரு பட்டையைச் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. அவள் விரலால் தொட்டாள். உள்ளே போயிற்று. ஊறப்போட்ட பிஸ்கட் போல இருந்தது அடிச்சட்டம், கட்டைவிரல் நகம் வரைக்கும் போயிற்று, அவளுக்குச் சிரிப்பு வந்தது, சொந்த வீடு உளுத்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஜென்மம் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அம்மா, உளுத்திருக்கு என்றாள். அப்பாடா என்றாள் அம்மா, மழை பெய்ததைக் கேட்டவள் போல.

அதிகாரி குடையோடு வந்தார், மழை இல்லை, குடை மட்டும் இருந்தது. வந்தவர் மணியை அடிக்காமல் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நின்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார், அதேதான், அதே அண்ணாந்த பார்வை, எல்லோருக்கும் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது, அவள் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்குப் போனாள். சார், உள்ள வாங்க, நாங்க உள்ளதான் இருக்கோம். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை, வரேன்மா என்று வந்தார். வெளியிலேர்ந்து பார்த்தா ஒரு குறையும் இல்லையே என்றார் உள்ளே வந்ததும். வெளியிலேர்ந்து யாருக்குத்தான் சார் குறை இருக்கு என்றாள். அம்மா பின்னாலிருந்து அவள் முதுகில் ஒரு விரலால் குத்தினாள், வாயைக் கொஞ்சம் மூடு என்று அர்த்தம். அவர் பேனாவை எடுத்து அடிச்சட்டத்தில் வைத்தார், அழுத்தவே இல்லை, பேனா மூடி வரைக்கும் போயிற்று. இங்க உளுத்தது மழையால இல்ல, உள்ளேர்ந்து வந்த ஈரம் என்றார். அதைத்தான சார் ஒரு வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன். அவர் அவளுடைய வரைபடத்தை மேஜைமேல் விரித்தார், வெட்டுத் துணிகளை அம்மா அவசரமாக ஒதுக்கினாள். அதே அகலம், அதே குறுக்குச் சட்டங்கள், மரம் அதே மரம், கண்ணாடி மட்டும் மெல்லிசான இரட்டைக் கண்ணாடி, தெருவிலிருந்து பார்த்தால் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது, கோடு கோடாக அவள் இழைத்த படம். யார் வரைஞ்சது. நான்தான். அவர் தலையை ஆட்டினார். குறை சொல்ல முடியலம்மா, முயற்சி பண்ணித்தான் பார்த்தேன் என்று சிரித்தார், கையெழுத்துப் போட்டார், ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, இதுல ஒரு கோட்டைக்கூட மாத்தக் கூடாது, மாத்தினா புது விண்ணப்பம், முதல்லேர்ந்து வரிசையில நிக்கணும், குளிரெல்லாம் முடிஞ்சுதான் வரும் பதில்.

ஒரு வருஷம். ஜெயித்தாயிற்று. இவ்வளவுதானா என்று இருந்தது, சண்டைக்கென்று இறுக்கி வைத்த கை இன்னும் இறுக்கமாகவே இருந்தது. பெயிண்ட்டைத்தான் வெட்டிட்டீங்களே, ஒரு தடவை தூக்கிப் பார்த்துடலாமா என்றார் அவர், குடையை மூலையில் சாய்த்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தார், அவள் மறுபக்கம் பிடித்தாள், ஜன்னல் முனகியது, பிறகு யாரோ மனசு மாறியது போலச் சட்டென்று மேலே போயிற்று. ஜன்னலைத் தாங்கிப் பிடிக்கிற பக்கவாட்டுக் கயிறு அறுந்திருந்ததால் நிற்காமல் இறங்கப் பார்த்தது, அம்மா தன் மர ஸ்கேலை நீட்டினாள், அதை முட்டுக்கொடுத்தாள் அவள். காற்று வந்தது. வெட்டுத் துணிகள் மேஜையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. சைக்கிள் மணி, யாரோ யாரையோ திட்டுகிற சத்தம், எதிர்வீட்டு ரேடியோ, இவ்வளவு சத்தமான தெருவா இது, இதையா டீச்சர் அமைதியான தெரு என்றாள்... அதிகாரி விடைபெற்றுக்கொண்டு போனார். அம்மா எழுந்து வந்தாள். கையை வெளியே நீட்டினாள், மழை வருகிறதா என்று பார்ப்பவள் போல, மழை இல்லை என்று தெரிந்த பிறகும் நீட்டியபடியே நின்றாள். மூச்சு இழுத்தாள், இழுப்பு இருந்தது, ஆனால் அட்டைப் பெட்டி கொஞ்சம் லேசான பெட்டி. புதுசும் இப்படித் தூக்கித் திறக்கிறதுதானே என்று கேட்டாள். சும்மா கேட்டாள். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மேஜையில் கிடந்த படத்தைப் பார்த்தாள். பார்க்காமலேயே தெரியும், வரைந்தவளுக்குத் தெரியாதா, ஆனாலும் பார்த்தாள். ஜன்னல் மூடியிருந்தது. மூடியிருப்பது போல வரையப்படவில்லை, திறப்பதற்கு வழியே வரையப்படவில்லை, கயிறு இல்லை, கைப்பிடி இல்லை, மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் நிலையோடு நிலையாக. நகர்கிற பாகம் இருந்தால் காற்று கசியும், அதனால் நிலையோடு பதித்த, திறக்காத கண்ணாடி, அப்படித்தான் கணக்குப் போட்டாள், கணக்கு என்று ஒன்றைப் போட்டாளா என்றுகூட இப்போது சந்தேகமாக இருந்தது, ஜன்னல் என்றால் அவளுக்கு இதுதானே, வெளிச்சம் வரும், காற்று வராது, சத்தம் போகாது. ஈரம் போக வழி வேண்டும் என்று கல்லூரியில் முதல் வருஷத்திலேயே பாடம், அடுத்தவர் வீடென்றால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள், சொந்த அம்மாவின் மூச்சுக்கு அழகாக, அளவு பிசகாமல், ஒரு மூடி செய்து வைத்திருக்கிறாள். வந்த அதிகாரிகள் ஒருத்தருக்கும் அது உறுத்தவில்லை, தெருவிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். அவளுக்கும் உறுத்தவில்லை. அவள் எங்கே நின்று பார்த்தாள் அப்போது...

கையெழுத்து இருக்கிறது. அதிகாரியைக் கூப்பிட்டுப் படத்தை மாற்றணும் என்றால் கையெழுத்து போகும், குளிர் வரும், டாக்டர் சொன்னது இரண்டில் ஒன்று, மெஷினை எங்கே போடுவது. கூப்பிடாவிட்டால் இந்தத் திறக்காத ஜன்னல் நிற்கும், நல்ல மரம், இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். அதிகாரி எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கடைசியாக ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, வராத மழைக்குக் குடையை விரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கால் மிதியின் மேல் இருந்தது, மிதிக்கவில்லை, கண் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஜன்னல் திறந்திருக்கிறதே என்று. நீ மிதிம்மா என்றாள். அம்மா அவளைப் பார்த்தாள். மிதி. மெஷின் ஓடத் தொடங்கியது, முதலில் மெதுவாக. அவள் ஸ்கேலில் இடிக்காமல் குனிந்து தலையை வெளியே நீட்டினாள், சார், ஒரு நிமிஷம் என்றாள், தெரு முழுக்கக் கேட்டது, எதிர்வீட்டுத் திரை அசைந்தது, அவர் திரும்பினார், குடைக்கு அடியிலிருந்து என்ன என்பது போலக் கையைக் காட்டினார், அவள் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, தொண்டையில் முதலில் வந்து நின்ற வார்த்தை அப்பாவுடையது, சரிங்க.