பரணிலிருந்து இறங்கிய பாத்திரம்

ஜாதவ்பூரில் கல்லூரிப் பிள்ளைகள் டீயும் சிகரெட்டுமாக நிற்கும் ஒரு சந்தில் அனந்த் பார் திறந்திருந்தான். சாதாரண பார் இல்லையாம், நூறு வருடத்துக்கு முந்தைய கல்கத்தாவாம். வாசலில் கிராமபோன், உள்ளே பச்சைக் கண்ணாடி விளக்குகள். சந்துமுனைச் சாக்கடை மட்டும் இந்த வருடத்தது. சாயங்காலம் திறப்பு விழாவுக்குப் பெஹாலாவிலிருந்து வந்து இறங்கிய அவன் அம்மா விஜயலட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போனாள். உள்ளே இருந்ததற்குச் சாக்கடையே தேவலை என்று தோன்ற அதிக நேரம் ஆகவில்லை.

நடு மேஜையில், வெளிச்சம் நேராக விழும் இடத்தில் ஒரு பித்தளைப் பாத்திரம். அகன்ற வாய், ஒடுங்கிய கழுத்து, உருண்ட வயிறு. உள்ளே சிவப்பாக ஏதோ பானம், மேலே ரோஜா இதழ், ஆறு நீளமான ஸ்ட்ரா. ஆறு பேர் தலையோடு தலை இடித்துக்கொண்டு உறிஞ்சினார்கள். ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்கு. அதற்கே அவளுக்குக் குமட்டியது.

கிட்டே போனாள். கழுத்தோரம் புள்ளி வைத்து வெட்டிய எழுத்து: ப. மஹாதேவன். மாமனார் பெயர். அவர் வெற்றிலையும் புகையிலையும் மென்று, இருமி, கோழையோடு துப்பிய படிக்கம்.

பதினோரு வருடம், தினம் இரண்டு வேளை அதைக் கழுவியவள் அவள்தான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் விரலில் நூலாக இழுக்கும். அனந்தை வயிற்றில் வைத்துக்கொண்டு கழுவும்போது பாதியில் வாந்தி எடுத்தாள். "இதுக்கும் ஒரு சாக்கா?" என்று கூடத்திலிருந்து கேட்டுவிட்டு மறுபடி காறினார் மனுஷர். அவர் போனதும் அதைச் சாக்கில் கட்டிப் பரணில் எறிந்தாள். கடையில் போட்டால் எவனாவது சமைக்க வாங்கித் தொலைப்பானே என்று பயம். அவள் சாந்த்ராகாச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம் பார்த்து, பழைய பித்தளை தேடிப் பரணை உருட்டியிருக்கிறான் பிள்ளை.

அவனை ஓரமாக இழுத்தாள். "டேய், அது தாத்தா துப்பின படிக்கம்டா."

அனந்தின் முகம் வெளுத்தது. ஒரு நிமிஷந்தான். "ஷ்ஷ்! நன்னா பாலிஷ் போட்டாச்சும்மா. யாருக்குத் தெரியப்போறது?"

"எனக்குத் தெரியறதே."

"ப்ளீஸ்மா, ப்ரெஸ் வந்திருக்கா. சீன் பண்ணாதே."

சொல்லிவிட்டு மைக்கை எடுத்தான். அவனுக்குத் தமிழைவிட வங்காளம் சரளம், பொய் அதைவிடச் சரளம். புதுமணப் பெண்ணாக வந்த அம்மா இந்தப் பாத்திரத்தில்தான் தினமும் தாத்தாவுக்குப் பானகம் கரைத்துத் தருவாளாம். அந்த அன்பைத்தான் இன்று எல்லோரும் பருகுகிறோமாம். கூட்டம் கைதட்டியது. விஜயலட்சுமிக்கு உடம்பெல்லாம் கூசியது. பாத்திரத்தைவிட அந்தப் பேச்சு அருவருப்பாக இருந்தது. பதினோரு வருடக் குமட்டலுக்கு மேல் ரோஜா இதழ் தூவுகிறான், அதுவும் அவள் பெயரைச் சொல்லி.

பாரில் அவனுக்குக் கூட்டாளியான ஸ்னேகா பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். ஒரு புது ஸ்ட்ராவைச் செருகி விஜயலட்சுமி பக்கம் திருப்பினாள். "முதல் மரியாதை உங்களுக்குத்தான், மாஷிமா!" போன்கள் உயர்ந்தன.

விஜயலட்சுமி அந்த ஸ்ட்ராவை மகன் பக்கம் திருப்பினாள்.

"நீ முதல்ல குடி."

அனந்த் சிரித்தான். குனிந்தான். வாயருகே கொண்டுபோனான். உதடு ஸ்ட்ராவைத் தொடவில்லை. பின்வாங்கிக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கலாம், தான் மட்டும் குடிக்கக் கூடாது.

"கீ ஹோலோ?" என்றாள் ஸ்னேகா. என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியவில்லை.

விஜயலட்சுமி மைக் இல்லாமலே வங்காளத்தில் சொன்னாள். "இது என் மாமனாரோட பிக்தானி. துப்புறது." 

ஸ்னேகா தடாலென்று பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். உறிஞ்சிய ஆறு பேரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கிராமபோன் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

விஜயலட்சுமி பாத்திரத்தைத் தூக்கி மகன் கையில் வைத்தாள். சிவப்புத் தண்ணீர் அவனுடைய வெள்ளைச் சட்டையில் தளும்பியது.

"கழுவி வை," என்றாள். "மூச்சைப் பிடிச்சுண்டு கழுவணும். இல்லேன்னா குமட்டும்."

பையை எடுத்துக்கொண்டு பெஹாலா பஸ்ஸுக்கு நடந்தாள்.